தௌவே இல்லாமல் அந்த ஜூன் 9 இல்லை

ஜப்பான் மல்யுத்தம் பார்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் 1995 ஜூன் 9 பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடும். டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கம், ஆல் ஜப்பான் என்கிற மல்யுத்த நிறுவனத்தின் உலக டேக் டீம் பட்டம், அதாவது இரண்டு இரண்டு பேராக மோதும் பட்டம். சாம்பியன்கள் மிட்சுஹாரு மிசாவாவும் கென்டா கோபாஷியும், எதிரே டோஷியாகி கவாடாவும் அகிரா தௌவேயும். 42 நிமிடம் 37 நொடி நடந்த போட்டி. கடைசியில் கவாடா பவர்பாம்ப் (ஆளைத் தூக்கி முதுகுபடத் தரையில் அறைகிற அடி) போட்டு மிசாவாவை மூன்று எண்ணும் வரை அமுக்கிப் பிடித்தார், பட்டம் கைமாறியது. மல்யுத்த விமர்சகர் டேவ் மெல்ட்சர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். இதுவரைக்கும் யாருக்கும் தகராறு இல்லை, இதற்குமேல்தான் ஆளுக்கொரு கருத்து.

பெரும்பாலான ரசிகர்கள் இதை மிசாவா – கவாடா கதையாகத்தான் பார்க்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், அங்கேயே மல்யுத்தக் குழுவில் இருந்தவர்கள், கவாடா ஒரு வருடம் ஜூனியர். 1990 மே மாதம் மிசாவா டைகர் மாஸ்க் முகமூடியை ரிங்கிலேயே கழற்றி வீசினாரே, அந்த முகமூடியின் கயிற்றை அவிழ்த்துவிட்டது அவரோடு டேக் டீமாக நின்ற கவாடாதான். அடுத்த மாதமே மிசாவா மூத்த நட்சத்திரமான ஜம்போ ட்சுருட்டாவைத் தோற்கடித்து நிறுவனத்தின் முகமாகிவிட்டார். கவாடா ஒரு படி கீழேயே நின்றார். 1993-இல் பிரிந்து போய் தௌவேயோடு சேர்ந்தார், 1994 ஜூன் 3 அன்று தனிப் போட்டியில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தும் தோற்றார். இப்படி ஒரு ஆள் ஒரு வருடம் கழித்து அதே புடோகானில் மிசாவாவை முதல்முறையாக அமுக்கி ஜெயிக்கிறார் என்றால் கண்ணில் நீர் வருவது இயல்புதான்.

ஆனால் இந்தப் போட்டியைத் திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க எனக்கு உறுதியாகத் தோன்றுவது வேறு. இது கோபாஷியின் காலும் தௌவேயின் கையும் சேர்ந்து முடித்துவைத்த போட்டி. அந்த இரண்டு பேரை எடுத்துவிட்டு வெறும் மிசாவா – கவாடாவாகச் சொன்னால் பாதிக் கதைதான் மிஞ்சும்.

ஏன் என்று சொல்கிறேன். டேக் போட்டியில் ஒருவரை அமுக்கி எண்ணும்போது கூட்டாளி ஓடிவந்து உடைத்துவிடலாம். ஆல் ஜப்பானில் அந்தக் காலத்தில் பெரிய போட்டிகளின் கடைசிப் பத்து நிமிடம் முழுக்க இதுதான் நடக்கும், ஒருவர் விழுவார், இன்னொருவர் வந்து காப்பாற்றுவார். அப்படியானால் மிசாவாவை வீழ்த்த மிசாவாவை மட்டும் அடித்துப் பிரயோஜனம் இல்லை. காப்பாற்ற வருகிறவனை வரவிடாமல் செய்ய வேண்டும். கவாடாவும் தௌவேயும் அன்றைக்குச் செய்தது அதைத்தான். கோபாஷி ஏற்கனவே காலில் கட்டோடுதான் வந்திருந்தார். அந்தக் கட்டைப் பார்த்துப் பார்த்து உதைக்கிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் சும்மா நேரம் போக்குவதற்காக அடிக்கிற அடி இல்லை அது. அரை மணி நேரம் கழித்து அந்தக் கால் ஓடிவர வேண்டிய ஒரு நிமிடம் வரும், அந்த நிமிடத்துக்காக இப்போதே அடித்துவைக்கிறார்கள்.

மிசாவா பக்கமும் ஒரு காயம் உண்டு. அந்த வருடம் ஏப்ரலில், சாம்பியன் கார்னிவல் என்கிற வருடாந்தரத் தனிப் போட்டித் தொடரில் கவாடாவோடு மோதியபோது அவருடைய கண்குழி எலும்பு உடைந்திருந்தது. அதோடு அந்தத் தொடரை ஜெயித்தும் விட்டார், மனுஷன் அப்படி. ஜூனில் கவாடாவின் உதைகள் முகத்தை நோக்கிப் போகும்போது அரங்கத்தில் எழும் சத்தத்தைக் கவனியுங்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏப்ரலில் நடந்தது தெரியும், யாரும் மைக் பிடித்து விளக்க வேண்டிய அவசியமில்லை. அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஎஃப் மல்யுத்தம் பார்த்து வளர்ந்த நமக்கு இது பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். அங்கே கதையை வசனத்தில் சொல்லிவிடுவார்கள், இங்கே எல்லாமே மணி அடித்தபிறகுதான்.

சரி, தௌவே. ரசிகர்களில் ஒரு கூட்டம் இன்றைக்கும் சொல்வது, நால்வரில் தௌவே கொஞ்சம் மட்டம் என்று. மிசாவா, கவாடா, கோபாஷி மூன்று பேரையும் உலகத்தின் மிகச் சிறந்தவர்கள் பட்டியலில் வைக்கிறார்கள், நாலாவது ஆளாக இவரை வேண்டா வெறுப்பாகச் சேர்க்கிறார்கள். முன்னாள் சுமோ வீரர், உயரமான உடம்பு, கைகால் வீச்சு கொஞ்சம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். கோபாஷி மாதிரி அழகாகப் பாயத் தெரியாது, கவாடா மாதிரி முகத்தாலேயே கோபத்தைக் காட்டவும் தெரியாது. ஆனால் அவர் கை ஒருவருடைய கழுத்தில் போய் உட்கார்ந்தது என்றால் அரங்கமே பதறும். நொதோவா என்கிற அந்தக் கழுத்துப்பிடி வீச்சுதான் அவருடைய ஆயுதம்.

அதை அன்றைக்கு எங்கே போட்டார் என்று பாருங்கள். ரிங்குக்கு வெளியே, கயிறுகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்தக் குறுகலான விளிம்பில் மிசாவாவை நிற்கவைத்து, கழுத்தைப் பிடித்து, அங்கிருந்து கீழே தரையில் போட்டார். போட்டி திரும்பிய இடம் அது. மிசாவா என்பவர் என்ன அடி வாங்கினாலும் எழுந்து முழங்கையால் திருப்பிக் கொடுப்பார் என்பதுதான் ஐந்து வருடமாக அந்த அரங்கம் பார்த்து வந்தது. அந்த விழுகைக்குப் பிறகு அவர் எழுவது வேறு மாதிரி இருக்கிறது, முழங்கை வருகிறது, பின்னால் உடம்பு வரவில்லை. கவாடா பிறகு அறுவடை செய்தது தௌவே உழுதுவைத்த நிலத்தில்தான்.

தௌவேயைக் குறைத்துப் பேசுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த வருடம், 1996-இல், சாம்பியன் கார்னிவலை ஜெயித்ததும் மே மாதம் மிசாவாவை வென்று ஆல் ஜப்பானின் உச்சத் தனிப் பட்டமான டிரிபிள் கிரவுன் எடுத்ததும் இதே ஆள்தான். கவாடா தனியாக நின்று மிசாவாவிடமிருந்து அந்தப் பட்டத்தைப் பறிக்க 1998 மே 1, டோக்கியோ டோம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம் கோபாஷி. இவர் மேல் உள்ள குறை தௌவே மேல் உள்ளதற்கு நேர் எதிர். ரொம்பவும் உணர்ச்சிவசப்படுகிறார், முகத்தை அதிகமாகக் கோணுகிறார், எல்லாவற்றையும் மிகையாக்குகிறார் என்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. புடோகானில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அந்த வலி போய்ச் சேர வேண்டும், கோபாஷிக்கு அது கைவந்த கலை. அதையும் விடுங்கள். கடைசிப் பகுதியில் ஒரு காட்சி இருக்கிறது. மிசாவா கீழே கிடக்கிறார், இரண்டு பேரும் அவரை முடிக்க வருகிறார்கள், கோபாஷிக்குக் கால் ஒத்துழைக்கவில்லை, எதிர்த்து அடிக்கத் தெம்பு இல்லை. அவர் செய்வது ஒன்றே ஒன்று. போய் மிசாவாவின் மேல் குப்புறப் படுத்துக்கொள்கிறார். தன் உடம்பைப் போர்த்திவிடுகிறார். உதைக்கிறார்கள், பிடித்து இழுக்கிறார்கள், மனுஷன் விடமாட்டேன் என்கிறார். அமுக்கி எண்ணுவதை உடைக்கும் முயற்சியாகக்கூட அதைச் சொல்ல முடியாது. எண்ணவே இன்னும் ஆரம்பிக்கவில்லை. இனிமேல் தன்னால் நேரத்துக்கு ஓடிவர முடியாது என்று தெரிந்து, முன்கூட்டியே வந்து படுத்துக்கொண்டவன் செய்கிற காரியம் அது. தனிப் போட்டியில் இப்படி ஒரு காட்சியை வைக்கவே வழி கிடையாது. டேக் போட்டி தனிப் போட்டிக்கு ஒரு மாற்றுக் குறைந்தது என்கிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த ஒரு நிமிடத்தைத்தான்.

இந்தக் கால் விஷயத்தில் இன்னொரு கணக்கும் தீர்கிறது. 1993 டிசம்பர் 3, ரியல் வேர்ல்ட் டேக் லீக் என்கிற வருடாந்தர டேக் தொடரின் இறுதி, இதே நான்கு பேர். அன்றைக்கு முழங்கால் போனது கவாடாவுக்கு. நிற்க முடியாமல் நின்று, கடைசியில் கோபாஷியிடமே தோற்றார். அதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் கோபாஷியின் காலில் விழும் ஒவ்வொரு உதைக்கும் வேறு பொருள் வரும். அந்த 93 போட்டிதான் இவர்கள் மோதியவற்றில் சிறந்தது என்று சொல்லும் ரசிகர்களும் நிறைய. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஒரு நொடிகூடத் தொய்வில்லை, அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். அதே லீகின் 1996 டிசம்பர் 6 இறுதிப் போட்டியைச் சொல்பவர்களும் உண்டு, அதில் கோபாஷி இடத்தில் ஜுன் அகியாமா, கவாடாவும் தௌவேயும் அந்த லீகை முதல்முறையாக ஜெயித்தது அன்றைக்குத்தான். வேகத்துக்கு அது, இறுக்கத்துக்கு 93. ஆனால் எதைத் தொட்டாலும் பின்னால் ஒரு காரணம் இருக்கிற மாதிரி அமைந்தது 95 மட்டும்தான் என்பது என் கட்சி. 95-இல் மெல்ட்சர் நடத்தும் ரெஸ்லிங் அப்சர்வர் இதழின் வாசகர்கள் சிறந்த போட்டியாகத் தேர்ந்தெடுத்தது இதை அல்ல, மனாமி டோயோட்டா – க்யோகோ இனோவே மோதிய பெண்கள் போட்டியை. அதுவும் அற்புதமான போட்டிதான், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

முதல் கால் மணி நேரம் இழுக்கிறது என்கிற குறையைப் பாதி ஒத்துக்கொள்ளலாம். இதே இரண்டு அணிகளும் ஜனவரி 24 அன்று யாமகட்டாவில் ஒரு மணி நேரம் மோதி முடிவே இல்லாமல் கலைந்தவர்கள், அதனால் ஜூனில் நிதானமாகத் தொடங்கியதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, பொறுமை போகும்தான்.

இன்னொரு குறையை அப்படி எளிதாகத் தாண்ட முடியவில்லை. தலையும் கழுத்தும் அடிபடும்படி விழுகிற அந்தப் பாணி. மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், ஒரு டேக் போட்டியின் நடுவே, பின்னாலிருந்து தூக்கி முதுகும் கழுத்தும்பட வீசுகிற ஒரு பேக்டிராப் வாங்கியபின் எழவே இல்லை, இறந்துபோனார். வயது 46. கோபாஷி முழங்கால் அறுவைச் சிகிச்சைகளால் கிட்டத்தட்ட 2001 பூராவும் ரிங்கை விட்டு விலகியிருந்தார். இதைத் தெரிந்துகொண்டு 1995-ஐப் பார்க்கும்போது கைதட்ட எழுந்த கை பல இடங்களில் அப்படியே நின்றுவிடுகிறது. இந்தப் போட்டி அந்த வகையில் பின்னால் வந்தவற்றைவிடக் கட்டுப்பாடானது, பதற்றத்துக்குக் கால்தான் காரணம், கழுத்து அவ்வளவு இல்லை. ஆனாலும் விளிம்பிலிருந்து தரைக்கு ஒருவரைப் போட்டால் அரங்கம் இப்படிக் கத்தும் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்ட பிறகு, அடுத்த முறை அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் இந்தப் போட்டிக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் இதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

கவாடா ஜெயித்தபோது அவர் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதா என்பது ரசிகர்களுக்குள் இன்னும் ஓயாத கேள்வி. கிடைக்கவில்லை என்பேன். மிசாவாவை வீழ்த்தினார், ஆனால் கூட ஒரு ஆள் இருந்தார், எதிரில் இன்னொரு ஆள் நொண்டிக்கொண்டிருந்தார். டிரிபிள் கிரவுன் மிசாவாவிடமே இருந்தது. 98-இல் டோக்கியோ டோமில் தனியாக ஜெயித்தபோது அந்தப் பட்டம் வந்தது, ஆனால் போட்டியாக எடுத்துக்கொண்டால் அது 95-க்குப் பக்கத்தில்கூட வராது. தாமதமாகக் கிடைத்த வெற்றி அது, இரண்டு பேரும் தேய்ந்துபோயிருந்தார்கள்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் நேராக 95-க்குப் போகாதீர்கள். முதலில் 93 டிசம்பர் 3, அடுத்து 94 ஜூன் 3 தனிப் போட்டி, அப்புறம் இது. பார்க்கும்போது கண் மிசாவா மேலேயே போகும், அதை எப்படியாவது இழுத்துப் பிடித்து, முப்பதாவது நிமிடத்துக்கு மேல் சிவப்பு உடையில் இருக்கும் அந்த உயரமான ஆள் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். தௌவே மட்டம் என்று அதற்கப்புறமும் தோன்றினால் கீழே எழுதுங்கள், நான் பதில் சொல்கிறேன்.