இன்னொரு முறை சொல்ல வைக்காதீர்கள்

நவம்பர் 4, 2024, திங்கள்

எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். மாலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்துச் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியரிடம் மதியமே தெரிவித்திருந்தேன். முதலில் நம் பள்ளிக் குழு கூடி உண்மைதானா என்று பார்க்கட்டும், வெளியே சொல்வதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றார். அதுவரை காத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தக் குறிப்புகளில் யாருடைய பெயரையும் வகுப்பையும் ஊரையும் எழுதப் போவதில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

இரவு முழுவதும் ஒரே எண்ணம்தான். அவள் இதை இன்னும் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருக்கும்? முதலில் தோழியிடம் சொல்லியிருக்கிறாள். தோழி கையைப் பிடித்து அழைத்து வந்ததால் என்னிடம் சொன்னாள், அதுவும் இரண்டே வாக்கியங்களில். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. இனி அம்மாவிடமும், காவல் அதிகாரியிடமும், மருத்துவரிடமும், குழந்தைகள் நலக் குழுவிடமும், நீதித்துறை நடுவரிடமும், பிறகு ஒருநாள் நீதிமன்றத்திலும் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவில் பள்ளிக் குழு என்று நீள்மேசையைச் சுற்றி ஆறேழு பெரியவர்களை உட்கார வைத்து, அவர்களுக்கு எதிரே அந்தக் குழந்தையை நிறுத்தி, எங்கே, எப்போது, ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்கப் போகிறார்களாம். அந்தக் குழுவில் தாளாளருக்கு வேண்டியவர் ஒருவரும் இருக்கிறார்.

காலையில் தலைமையாசிரியர் அவளை அறைக்கு அனுப்பும்படி ஆள் விட்டார். அனுப்ப மாட்டேன் என்று நானே நேரில் போய்ச் சொன்னேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் மட்டுமல்லாமல், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் காவல் துறையிடம் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. விசாரித்து உறுதி செய்துகொண்டு வாருங்கள் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை என்று 21-ஆம் பிரிவு கூறுகிறது. அதையும் எடுத்துச் சொன்னேன். அவர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் அல்லர், பயந்த மனிதர். ஆனால் அவருடைய பயத்துக்கான விலையை அந்தக் குழந்தை கொடுக்க வேண்டியதில்லை.

மதிய இடைவேளையில் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குச் சென்று எழுத்து மூலமாகவும் கொடுத்துவிட்டேன். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 6, புதன்

அவள் இன்று பள்ளிக்கு வரவில்லை. அந்த ஆசிரியர் வந்திருந்தார், பாடமும் நடத்தினார்.

நவம்பர் 7, வியாழன்

உதவி ஆய்வாளர் சேலையில் வந்தார். சீருடையில் வரக்கூடாது என்று சட்டம் சொல்வது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சாதாரணப் பருத்திச் சேலையைக் கண்டதும் மனம் லேசாயிற்று. வீட்டிலேயே, அம்மாவின் பக்கத்தில் வைத்துத்தான் வாக்குமூலம் வாங்கினார். டீச்சரும் இருக்கட்டும் என்று அவள் கேட்டதால், குழந்தை நம்பும் ஒருவர் உடன் இருக்கலாம் என்று என்னையும் அமரச் சொன்னார்.

அவள் மடியில் அறிவியல் நோட்டு இருந்தது. பேசும்போதெல்லாம் அட்டையின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பேசி முடித்தபோது சீட்டில் பாடத்தின் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. உதவி ஆய்வாளர் ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை. அவள் சொன்ன சொற்களை அவள் சொன்னபடியே எழுதினார். கொச்சையாக இருந்த ஓரிடத்தில் அம்மா திருத்த முயன்றபோது, வேண்டாம் அம்மா, குழந்தையின் வாயிலிருந்து வந்தது அப்படியே இருக்கட்டும் என்றார். இந்த ஒரு வாக்கியத்தை எல்லாப் பள்ளிகளின் ஆசிரியர் அறையிலும் எழுதி வைக்கலாம்.

இரவு 9 மணிக்குக் கைது என்று செய்தி வந்தது.

நவம்பர் 8, வெள்ளி

இன்றைய நாளிதழில் இருந்த செய்தியை மூன்று தடவை படித்தேன். ராஜஸ்தானில் மாணவியிடம் தவறாக நடந்துகொண்ட ஓர் ஆசிரியர் மீதான போக்சோ வழக்கை, குடும்பத்தோடு சமரசம் ஆகிவிட்டது என்ற காரணத்தால் அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் நேற்று நீக்கிவிட்டது. இத்தகைய குற்றம் இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான தனிப்பட்ட தகராறு அன்று, ஆகவே சமரசத்தால் முடித்துவைக்க முடியாது, வழக்கு நடந்தே தீர வேண்டும் என்பது தீர்ப்பு. மேல்முறையீடு செய்தவர்கள் அந்தக் குடும்பத்தினர் அல்லர், மூன்றாம் நபர்கள் என்பதையும் கவனித்தேன். உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று இரண்டு நாட்களாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு எங்கோ ஓர் ஊர்க்காரர் பதில் சொல்லியிருக்கிறார்.

தாளைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

நான் எதிர்பார்த்தது நடந்தது. நேற்று மாலை நான்கு பேர் அவளுடைய வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பழத்தட்டோடு போயிருக்கிறார்கள் என்பதைக் கேட்டபோது எனக்கு உடல் நடுங்கியது. பெண்பிள்ளை விஷயம், நாளைக்கு வரன் தேடும்போது ஊர் வாய் சும்மா இருக்குமா, அவருக்கும் குடும்பம் இருக்கிறது, சின்னப் பிள்ளை ஏதோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசியிருக்கிறார்கள். படிப்புச் செலவு முழுவதையும் பார்த்துக்கொள்கிறோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று காலை அவளுடைய அம்மா என்னைத் தேடி வந்தார். அந்தத் தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். உச்ச நீதிமன்றம் என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, இது டெல்லியில் இருப்பதுதானே டீச்சர் என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அப்படியானால் நான் ஒத்துக்கொண்டாலும் செல்லாது என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். தன்னால் முடியாது என்று சொல்வதைவிடச் சட்டத்தால் முடியாது என்று சொல்வது அவருக்கு எளிது. நான்கு ஆண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்போது ஒரு பெண்ணுக்கு அப்படிப்பட்ட பிடிமானம் வேண்டியிருக்கிறது. சமரசம் செல்லாது என்ற தீர்ப்பு வழக்கைக் காப்பாற்றுவதோடு, இப்படிப்பட்ட அம்மாக்களையும் காப்பாற்றுகிறது.

பழத்தட்டு திருப்பி அனுப்பப்பட்டது.

நவம்பர் 11, திங்கள்

ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. கணக்கு டீச்சர் மட்டும் தம் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

இன்று என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது அந்தப் பெட்டி. ‘மாணவர் மனசு’ என்று பெயிண்டால் எழுதிய தகரப் பெட்டி. குழந்தைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடுவதற்காக வைத்தது. எங்கள் பள்ளியில் அதைத் தலைமையாசிரியர் அறையின் வாசலிலேயே மாட்டியிருக்கிறார்கள். எதிரே எழுத்தரின் மேசை. பக்கத்தில் தாளாளர் வந்தால் அமரும் நாற்காலி. யார் சீட்டுப் போடுகிறார்கள் என்பதை அலுவலகமே பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் எந்தக் குழந்தை வந்து போடும்? அதைத் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கமோ, மாடிப்படி திரும்பும் இடத்திலோ மாட்ட வேண்டும். பூட்டில் துரு ஏறியிருக்கிறது. சாவி யாரிடம் என்று எழுத்தரிடம் கேட்டேன். தெரியவில்லை என்றார்.

நவம்பர் 12, செவ்வாய்

நடுவர் முன்னிலையில் வாக்குமூலம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164 என்றார்கள், இந்த ஜூலை முதல் புதிய சட்டத்தின் 183-ஆம் பிரிவு. நான் வெளியே இருந்தேன். முக்கால் மணி நேரம். வெளியே வந்தவள் பசிக்கிறது என்றாள்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தின விழா. மாறுவேடப் போட்டி, பேச்சுப் போட்டி, எல்லாருக்கும் இனிப்பு. தாளாளர் அரைமணி நேரம் பேசினார். குழந்தைகளைப் பூக்கள் என்றார். போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்ததும் 2012-இல் இதே நவம்பர் 14 அன்றுதான் என்பதை மேடையில் யாரும் சொல்லவில்லை. அவள் விழாவுக்கு வரவில்லை. அவளுடைய தோழி என் பக்கத்திலேயே நின்றாள்; அவளுக்கும் சேர்த்து ஓர் இனிப்பு வாங்கிச் சென்றாள். எல்லாவற்றையும் தொடங்கி வைத்த அந்தச் சிறுமியை இதுவரை யாரும் பாராட்டவில்லை. நாளை நான் அவளுடைய அம்மாவிடம் பேச வேண்டும்.

நவம்பர் 15, வெள்ளி

குழந்தைகள் மீதான வன்கொடுமைத் தடுப்பு வாரம் தொடங்குகிறது. 2021-இல் அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் 22 வரை. காலை வழிபாட்டில் உறுதிமொழி வாசிக்கப்பட்டது. பின்வரிசையில் ஒரே சலசலப்பு.

நவம்பர் 18, திங்கள்

அவள் பள்ளிக்கு வந்துவிட்டாள். மகிழ்ச்சி முதல் பாடவேளை முடியும் வரைகூட நிலைக்கவில்லை.

பெஞ்சின் மேல் காம்பஸ் முனையால் கீறியிருந்தார்கள். என்ன எழுதியிருந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். அவரை உள்ளே தள்ளியவள் என்று இடைவேளையில் பெரிய வகுப்புப் பையன்கள் கத்தினார்கள். அவர் நன்றாகப் பாடம் நடத்துபவர், விளையாட்டு விழாவில் பரிசு வாங்கித் தந்தவர், இப்போது இவளால் எங்கள் பொதுத்தேர்வு பாழாகிறது என்று ஒரு மாணவியே என்னிடம் நேராகச் சொன்னாள். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசுவதைத்தான் அவள் திருப்பிச் சொல்கிறாள்.

உடற்கல்வி ஆசிரியர் அந்தப் பையன்களை மைதானத்தில் முட்டி போட வைக்கிறேன் என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு 2009-லேயே தடை செய்திருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, வெயிலில் முட்டி போட்ட ஒவ்வொரு பையனும் அந்த வலிக்கும் அவளையே பொறுப்பாளியாக்குவான். வகுப்பின் நடுவில் யார் கீறியது என்று கேட்டாலும் எல்லாக் கண்களும் அவள் பக்கமே திரும்பும். ஆகவே பெஞ்சைச் சத்தமில்லாமல் மாற்றச் சொன்னேன். கத்திய பையன்களைத் தனித்தனியாக அழைத்துப் பேசுவது, பெற்றோரையும் தனித்தனியாகவே வரவழைப்பது, இடைவேளைகளில் மாடிப்படியில் நானும் கணக்கு டீச்சரும் மாறி மாறி நிற்பது என்று முடிவு செய்தோம். நான் பேசிய முதல் பையன் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டாவது பையன், அவள் பொய் சொல்லவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். அதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை, அவள் நிம்மதியாகப் படிக்கும்படி பார்த்துக்கொள்வது உன் வேலையும் என் வேலையும் என்றேன். அவன் மனத்தில் அது இறங்கியதா என்று சொல்ல முடியவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

அவள் மதியச் சோறு முழுவதையும் சாப்பிட்டாள்.

நவம்பர் 20, புதன்

பெட்டியின் சாவி கிடைக்கவே இல்லை. எழுத்தரின் அனுமதியோடு காவலாளி அண்ணன் பூட்டை உடைத்துக் கொடுத்தார். தலைமையாசிரியரும் எதிரில் நின்றார். மிட்டாய்க் காகிதங்கள், ஒரு பேனா மூடி, மூன்று சீட்டுகள். ஒன்றில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று இருந்தது. இன்னொன்று மழையில் நனைந்து எழுத்தே தெரியவில்லை. மூன்றாவதில், பெரிய வகுப்பு அண்ணன்கள் கையில் கலர்க் கயிறு கட்டிக்கொண்டு எங்கள் சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பை தூக்கச் சொல்கிறார்கள், சார் இடம் சொல்லி எதுவும் ஆகவில்லை என்று பென்சிலால் எழுதியிருந்தது. பெயர் இல்லை, தேதி இல்லை. எழுதிய குழந்தை இப்போது இங்கேதான் படிக்கிறதா, படிப்பையே விட்டுவிட்டதா, யாருக்குத் தெரியும்.

நாங்குநேரிதான் நினைவுக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன்பே அந்தப் பையன் துன்புறுத்தல் தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கிறான். அதன் பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் அமைந்த குழு, இந்த ஆண்டு ஜூன் மாதம் அரசிடம் கொடுத்த அறிக்கையில் கயிறு கட்டுவதையும் தடை செய்யப் பரிந்துரைத்தது. அறிக்கையைப் பற்றி எங்கள் பள்ளியில் ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. பை தூக்கச் சொல்வதில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பது தெரிந்த பிறகும், ஒரு சீட்டு பெட்டிக்குள்ளேயே கிடந்து மங்கிப் போகலாமா?

தலைமையாசிரியர் அந்தச் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். பெட்டியை மாடிப்படித் திருப்பத்தில் மாட்டச் சொன்னார். புதுப் பூட்டுக்கு இரண்டு சாவிகள், ஒன்று என்னிடம்.

நவம்பர் 22, வெள்ளி

எனக்குக் குறிப்பாணை வந்திருக்கிறது. நிர்வாகத்துக்கு முறைப்படி தெரிவிக்காமல் பள்ளியின் பெயருக்குக் களங்கம் விளைவித்தது பற்றி ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டுமாம்.

நல்லெண்ணத்தோடு தகவல் அளித்தவர் மீது உரிமையியல் நடவடிக்கையோ குற்றவியல் நடவடிக்கையோ எடுக்க முடியாது என்று போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின் 7-ஆம் உட்பிரிவு சொல்கிறது. பதிலில் அதை முதல் வரியாக எழுதினேன். நவம்பர் 4 மதியம் தலைமையாசிரியரிடம் நேரில் தெரிவித்ததையும் எழுதினேன். பள்ளியின் பெயரைப் பற்றி ஒரு பத்தி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அந்தக் குழந்தையின் பெயரைக் காப்பதற்கு அந்தக் குறிப்பாணையில் ஒரு வரியும் இல்லாதபோது, இதைப் பற்றி நான் ஏன் எழுத வேண்டும்?

வீட்டில், வேலை போய்விடுமோ என்று அத்தை அழுகிறார்.

நவம்பர் 23, சனி

தூக்கம் இல்லை. ஜாமீன் மனு போட்டிருக்கிறார்களாம்.

நவம்பர் 25, திங்கள்

நீதிமன்றத்தில் என்ன நடக்கும் என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: அவர் உன் கண்ணில் படாதபடி திரையோ வீடியோவோ வைத்து ஏற்பாடு செய்ய வேண்டும், வழக்கறிஞர் உன்னிடம் நேராகக் கேட்க முடியாது, நீதிபதியிடம் கொடுத்து நீதிபதிதான் கேட்பார், உன்னை மறுபடியும் மறுபடியும் வரச் சொல்லக்கூடாது, நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டதிலிருந்து 30 நாட்களுக்குள் உன் சாட்சியத்தைப் பதிய வேண்டும், ஓராண்டுக்குள் முடிந்தவரை விசாரணையே முடிய வேண்டும். இவையெல்லாம் சட்டத்தில் இருக்கின்றன. நடக்குமா என்று கேட்டாள். நடக்கும்படி நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம் என்றேன்.

அதற்கு அவள், அப்படியென்றால் இன்னும் ஒரே ஒரு தடவைதானே டீச்சர் என்றாள்.

நவம்பர் 26, செவ்வாய்

பெட்டியில் இன்று இரண்டு சீட்டுகள். நாளை குழந்தைகள் நலக் குழுவின் முன் போக வேண்டும். வழக்கில் அவளுக்கு உடனிருந்து உதவத் துணை நபர் ஒருவரை அவர்கள் நியமிப்பார்கள்; அதற்கு முன் அந்த நபரிடம், அவளை எதையும் புதிதாகச் சொல்ல வைக்க வேண்டாம் என்று நானே பேசிவிட வேண்டும். உதவி ஆய்வாளரிடமும் இதையே கேட்டிருக்கிறேன். அம்மா காலை 8 மணிப் பேருந்துக்கு நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். விடுப்பு விண்ணப்பம் தலைமையாசிரியர் மேசையில் இருக்கிறது. மாலை வரை கையெழுத்து ஆகவில்லை. கையெழுத்து ஆகாவிட்டாலும் போவேன்.