மருத்துவக் காப்பீட்டில் அறை வாடகை வரம்பைப் பார்த்தீர்களா?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் பெரிய சிகிச்சை என்றால் பலரும் மலை தாண்டித் திருவனந்தபுரம்தான் போகிறார்கள். மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளை ஒப்பிடும்போது பிரீமியத்துக்கு முன் அறை வாடகை வரம்பைப் பாருங்கள்; மருத்துவமனை அறைக்கு ஒரு நாளுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள் என்பதுதான் அது.

5 லட்சம் பாலிசியில் வரம்பு 1% என்றால், நாளுக்கு 5,000 ரூபாய். 8,000 ரூபாய் அறை எடுத்தால் கூடுதல் 3,000 மட்டும் நம் தலையில் விழும் என்று நினைப்பதுதான் தப்பு. மருத்துவர், அறுவை அரங்கக் கட்டணங்களையும் காப்பீட்டு நிறுவனத்தார் பெரும்பாலும் அதே விகிதத்தில் (8,000க்கு 5,000) வெட்டுவார்கள்: 1,20,000க்கு 75,000தான் வரும். மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, பரிசோதனைச் செலவுகளில் இப்படி வெட்டக் கூடாது. வெட்டியிருந்தால் விடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். வரம்பே இல்லாத பாலிசிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், வீண் செலவல்ல.

ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்குக் காத்திருப்பு, அதாவது அவற்றுக்குக் காப்பீடு கிடைக்காத ஆரம்பக் காலம், அதிகபட்சம் 36 மாதம்.

சில பாலிசிகளில் ஊர்வாரியாக மண்டலம் பிரித்து, அதற்கேற்பப் பிரீமியம் வைப்பதுண்டு. சிற்றூர்க் கணக்கில் பிரீமியம் கட்டிவிட்டுப் பெருநகர மருத்துவமனையில் சேர்ந்தால், பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டிவரும். எல்லைக்கு அந்தப்புறம் நீங்கள் போகும் மருத்துவமனை கேஷ்லெஸ் (பில்லை காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டும்) பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.