எலிக்காய்ச்சல் கிருமிக்குள்ள ஆரோட ஆர் கூட்டு?

போன காலபோகத்தில பெரியப்பா களை பிடுங்கப் போனவர், குதிக்கால் வெடிப்போட முழுநாளும் சேத்துக்க நிண்டிருக்கிறார், ஒரு கிழமையால காச்சல். கெண்டைக்காலத் தொடவும் விடேல்ல, கண் ரெண்டும் சிவந்து பிறகு மஞ்சளாகி, சலம் போறதும் குறைஞ்சிட்டுது. எலிக்காய்ச்சல் எண்டு வாட்டில மறிச்சிட்டினம். தப்பி வந்திட்டார். ஆனா நான் ஆஸ்பத்திரி வாங்கில இருந்தபடி போனில அந்தக் கிருமியப் பத்தி வாசிக்கத் தொடங்கினது, இண்டைக்கும் விடேல்ல.

லெப்டோஸ்பைரா. சுருள் கம்பி மாதிரி, நுனி கொளுக்கி மாதிரி வளைஞ்சது. 2003இல சீன விஞ்ஞானிகள் அதின்ர மரபணுத்தொகுதிய முழுசா வாசிச்சு வெளியிட்டவை. எனக்கு அறிய வேண்டியது அதுக்குள்ள எந்தப் புரதம் எதோட சேர்ந்து வேலை செய்யுது எண்டு. புரதம் ஒரு 3,500 எண்டு வைச்சுப் பாருங்கோ, எதோட எது சேருது எண்டு சோடி சோடியாப் பாத்தா 61 லட்சம் சோடி வரும், இதை லாப்பில ஒவ்வொண்டாச் செய்து பாக்க ஒருத்தரின்ர ஆயுளும் காணாது, இந்தக் கிருமி வளர்றதும் சரியான மெதுவு. அதாலதான் முதல்ல கொம்பியூட்டரிட்டக் கேக்கிறம்.

எனக்குப் பிடிச்ச வழி அயல் பாக்கிறது. ஒரு துருசு திறந்தா அந்த வாய்க்காலில இருக்கிற வயல் எல்லாத்துக்கும் தண்ணி பாயுமெல்லே, பக்டீரியாவிலயும் ஒரே வேலைக்கான மரபணுக்கள் கனதரம் பக்கத்தில பக்கத்தில இருந்து ஒரே சுவிச்சில வேலை செய்யும், வேற வேற இனத்திலயும் அதே ரெண்டும் அயலாவே இருந்தா அந்தப் புரதங்கள் கூட்டு எண்டு சந்தேகப்படலாம். ஆனா லெப்டோஸ்பைரா இதில ஆளை ஏமாத்தும். மற்றக் கிருமிகள் கனக்கில ஒரே வரிசையில இருக்கிற ரைபோசோம் (புரதம் செய்யிற இயந்திரம்) ஆர்.என்.ஏ மரபணுக்களே இதில ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடக்கு.

எந்தப் புரதம் எதோட கூட்டு எண்டு ஒண்டுக்குள்ள புள்ளி போடுற ஸ்ட்ரிங் எண்ட தரவுத்தளத்தில ஃப்ளிஜி, ஃப்ளிஎம் எண்டு தேடினன், கிருமிய நீந்த வைக்கிற மோட்டரின்ர ரெண்டு துண்டு, 0.9க்கு மேல புள்ளி. சந்தோசப்பட்டுட்டன். பிறகுதான் பாத்தன், புள்ளியில ஒரு பங்கு ரெண்டு பேரும் ஒரே கட்டுரையில வந்ததுக்காகக் குடுத்தது. கட்டுரை ஆதாரத்தையும் சேர் எண்ட பெட்டியில இருந்த சரி அடையாளத்தை எடுத்துப்போட்டுத் திரும்பப் பாத்தன், இந்தச் சோடி நிண்டு பிடிச்சுது, ஆனா நான் குறிச்சு வைச்சிருந்த வேற சோடிகள் பொலபொலவெண்டு விழுந்திட்டுது. என்ன வேலை எண்டே தெரியாத புரதங்கள் இதில கனக்க, அதுகளுக்கு வேற கிருமிகளில ஒப்பிட ஆளும் இல்லை, உண்மையில எங்களுக்கு வேண்டியது அதுகள்தான்.

அதுகளை புரதத்தின்ர வடிவத்தைக் கணிக்கிற ஆல்ஃபாஃபோல்ட் சேர்வரில போடுறன். 2024 வேதியியல் நோபலில பங்கு வாங்கினது இந்த ஆல்ஃபாஃபோல்ட் வேலை. ரெண்டு புரத வரிசையும் குடுத்தா சேர்ந்து நிக்கிற வடிவத்தைத் தரும், கூடவே ஒரு புள்ளி: 0.8க்கு மேல எண்டா நம்பலாம், 0.6க்குக் கீழ எண்டா பெரும்பாலும் பிழை. எனக்கு வாறதெல்லாம் இடையில.

"அப்ப கண்டுபிடிச்சிட்டியோ தம்பி?" எண்டு பெரியப்பா கேட்டார். "இல்லைப் பெரியப்பா, சந்தேகப்படுற ஆக்களின்ர பேர்தான் கிடைச்சிருக்கு, லாப்பில பிடிச்சுப் பாத்தாத்தான் உறுதி" எண்டன். இந்தமுறை பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) குடுத்த, எலிக்காய்ச்சல் வராமத் தடுக்கிற டொக்சிசைக்கிளினக் கிழமைக்கு 200 மில்லிகிராம் போட்டிட்டுத்தான் வயலுக்க இறங்குறார். இண்டைக்கு இரவு இன்னும் ஆறு சோடி போட்டு வைச்சிருக்கிறன்.