ஐயத்தோடு வேலை செய்யப் பழகுதல்

வார்டில் மாணவர்களிடம் "என்ன நோயாக இருக்கும்?" என்று கேட்டால் யாராவது ஒருவர் சட்டென்று ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். "அது இல்லையென்றால் வேறு என்ன? உங்கள் கணிப்பு தவறு என்பது எதிலிருந்து தெரியவரும்?" என்று கேட்கும்போதுதான் திணறுவார்கள். அந்தத் திணறலைக் கடக்க உதவுவதே என் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் தொடங்கும். வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கப் பல மணி நேரம் ஆகலாம். அந்த இடைவெளியில் வருபவரின் வயிற்றில் கைவைத்துப் பார்த்தால் மெத்தென்றே இருக்கும். இரத்தப் பரிசோதனையும் இயல்பாக இருக்கலாம். அப்படி வந்த ஓர் இளைஞரின் தாயார், "பயப்படும்படி ஒன்றுமில்லையே டாக்டர்?" என்று கேட்டார்.

"இப்போது உறுதியாகச் சொல்ல முடியாதம்மா. தானே சரியாகிவிடும் வலியாக இருக்கலாம், ஆபரேஷன் தேவைப்படுவதாகவும் இருக்கலாம். சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கிறேன். அதற்குள் வலி இடம் மாறினாலோ காய்ச்சல் கண்டாலோ நர்ஸிடம் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீங்களே வருவீர்களா?"

இரண்டாம் முறை பார்த்தபோது வலி வலப்புறம் இறங்கியிருந்தது. அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. 'தெரியவில்லை' என்பதை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு மருத்துவர் காணாமல் போவதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

சோதனை முடிவு வந்தால் ஐயம் தீர்ந்துவிடும் என்பது மாணவர்களின் உறுதியான நம்பிக்கை. ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைக் காட்டிக்கொடுக்கும் சோதனை, நோயற்றவர்களில் 5 சதவீதத்தினருக்கும் நோய் என்று சொல்லிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சரியாக அகப்படுபவர்கள் 9 பேர், வீணாக அகப்படுபவர்கள் ஏறக்குறைய 50 பேர். பலகையில் இதைப் போட்டுக் காட்டினால், கூட்டலில் பிழை இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவார்கள்.

இதைவிடக் கடினமானதும் ஒன்று உண்டு. மருத்துவ மாணவர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ரெனே ஃபாக்ஸ் 1957இல் அதை எழுதினார்: எனக்குத் தெரியாதது நான் படிக்காததாலா, மருத்துவத்துக்கே தெரியாததாலா என்று பிரித்தறிய முடியாத நிலை. இரைப்பைப் புண்ணுக்கு மன அழுத்தத்தையும் அமிலத்தையும் காரணமாகச் சொன்ன காலத்தில் எவ்வளவு படித்த மாணவருக்கும் விடை கிடைத்திருக்காது. அந்தப் புண்ணுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் காட்டியது 1980களில்தான்.

ஆகவே கேஸ் ஷீட்டில் நோயின் பெயரோடு, எது இன்னும் தெளிவாகவில்லை, மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் எழுதச் சொல்கிறேன். உள்மதிப்பீட்டில் அதற்கு மதிப்பெண் தருகிறேன். இறுதித் தேர்வுகளிலும் தர வேண்டும்.