கூட்டத்துக்கு ஒரு கவுன்ட்டவுன் டைமர்: மாணவர் அணியின் நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025

திட்டம் இதுதான். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் உள்ள ஒவ்வொரு தலைப்புக்கும் இத்தனை நிமிடம் என்று கொடுத்தால், புரொஜெக்டர் திரையில் பெரிய எழுத்தில் மீதி நேரம் ஓட வேண்டும். நேரம் முடிந்தால் மணி அடிக்க வேண்டும், அதற்குப் பிறகும் பேச்சு நீண்டால் எவ்வளவு மிகை என்று காட்ட வேண்டும். எல்லாம் பிரவுசரிலேயே; வெளியிலிருந்து சேர்பவர்களுக்கும் அதே நேரத்தைக் காட்ட மட்டும் ஒரு சர்வர். லாகின், காலண்டர் இணைப்பு, அறிக்கை எதுவும் இந்தப் பதிப்பில் கிடையாது.

கோட் எழுதும் முன் ஒரு நிலை அட்டவணை. நான்கு நிலைகள்: காத்திருப்பு, ஓட்டம், இடைநிறுத்தம், மிகை நேரம். நான்கு பட்டன்கள்: தொடங்கு, நிறுத்து, 2 நிமிடம் கூட்டு, அடுத்த தலைப்பு. ஆக 16 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும் என்று எழுதியாக வேண்டும்; ஒன்றும் நடக்காது என்றால் அதையும் எழுத வேண்டும். பொதுவாகக் காலியாக விடப்படும் கட்டம் மிகை நேரத்தில் ‘நிறுத்து’ அழுத்தினால் என்ன என்பது. அந்த நிலையில் அந்தப் பட்டனை மங்கலாக்கிவிடுவது என்று முடிவு. மிகை நேரத்தை நிறுத்தி வைக்க முடிந்தால் அந்த எண்ணுக்கே அர்த்தம் இல்லை.

பிப்ரவரி 5

டைமரின் உயிர்நாடி இன்று. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான மாதிரிகள் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஒரு மாறியில் 300 (5 நிமிடத்தின் வினாடிகள்) என்று வைத்து, கோடைத் திரும்பத் திரும்ப அழைக்கும் செட்இன்டர்வெல் மூலம் 1000 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒன்றைக் கழிப்பது. மேஜையில் வைத்துப் பார்த்தால் சரியாக ஓடும். கூட்டத்தில் ஓடாது.

செட்இன்டர்வெல் தரும் உறுதி ‘குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் கழித்து’ என்பது மட்டுமே. பிரவுசர் வேறு வேலையில் இருந்தால் அழைப்பு வரிசையில் காத்திருக்கும், அந்தத் தாமதம் கழித்தல் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதைவிடப் பெரிய ஆபத்து பின்னணி டேப். குரோம் 88ஆம் பதிப்பிலிருந்து (ஜனவரி 2021), ஒரு பக்கம் 5 நிமிடத்துக்கு மேல் மறைந்து, சத்தமும் இல்லாமல் இருந்தால், அதன் டைமர்கள் நிமிடத்துக்கு ஒருமுறைதான் விழிக்கும். கூட்டத்தை நடத்துபவர் ஸ்லைடு இருக்கும் டேபுக்குப் போய்விட்டார் என்று வையுங்கள். 5 நிமிடம் தாண்டியதும் கழித்தல் டைமர் நிமிடத்துக்கு ஒரு வினாடியை மட்டும் குறைத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே எண்ணும் வேலையே வேண்டாம். ‘தொடங்கு’ அழுத்தியதும் முடியப்போகும் கணத்தை மட்டும் சேமித்தால் போதும். மீதி = முடிவு − இப்போது. திரையை எப்போது புதுப்பித்தாலும் இந்தக் கழித்தலை அப்போதே புதிதாகச் செய்வது. டேப் பத்து நிமிடம் தூங்கிவிட்டு வந்தாலும் விடை சரியாக இருக்கும்.

மற்றவை இதிலிருந்தே எளிதாக வந்துவிடுகின்றன. நிறுத்தினால் மீதியைச் சேமி; மறுபடி தொடங்கினால் முடிவு = இப்போது + மீதி. 2 நிமிடம் கூட்ட, முடிவோடு 1,20,000 சேர். யாராவது பக்கத்தை ரீலோட் செய்தாலும் தொடர வேண்டுமா, முடிவை லோக்கல் ஸ்டோரேஜில் (பிரவுசரின் சொந்தச் சேமிப்பிடம்) எழுதிவை. ஒவ்வொன்றும் ஒரு வரி.

பிப்ரவரி 6

‘இப்போது’ என்பதை எந்தக் கடிகாரத்திடம் கேட்பது? ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு உண்டு. டேட்.நவ், கணினியின் கடிகாரத்தைப் படிக்கும். யாராவது நேரத்தை மாற்றினாலோ, கணினி தானாக இணையத்தோடு ஒத்திசைத்தாலோ அது குதிக்கும். பெர்ஃபார்மன்ஸ்.நவ் குதிக்காது, பின்னோக்கிப் போகாது. ஆனால் சில இயங்குதளங்களில் லேப்டாப்பை மூடி உறங்கவைத்தால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். மேலும் அதன் பூஜ்யம் பக்கம் திறந்த கணம் என்பதால், ரீலோட் செய்தால் பழைய மதிப்புக்குப் பொருள் இல்லை.

கூட்ட நடுவில் லேப்டாப் மூடப்படுவது சகஜம், கடிகாரத்தைத் திருத்துவது அபூர்வம். டேட்.நவ் என்று முடிவு. நேர மண்டலம் பற்றிய கவலை இதில் இல்லை: அது தருவது 1970 ஜனவரி 1 முதல் கணக்கிடும் மில்லிவினாடி, எந்த ஊரிலும் ஒன்றே.

பிப்ரவரி 10

வினாடியை முழுமையாக்குவது சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும் திரையில் முதலில் கண்ணில் படுவது அதுதான். 5 நிமிடம் தொடங்கி முதல் முறை வரையும்போது மீதி 2,99,996 மில்லிவினாடி என்றிருக்கும். மேத்.ஃப்ளோர் (கீழே உள்ள முழு எண்ணுக்கு இறக்குவது) போட்டால் பட்டனை அழுத்தியவுடன் 4:59. முடிவிலோ 0:00 ஒரு முழு வினாடி நின்ற பிறகுதான் மணி. மேத்.சீல் (மேலே உள்ள முழு எண்ணுக்கு ஏற்றுவது) போட்டால் 5:00இல் தொடங்கும், 0:00 தோன்றும் கணமும் மணியும் ஒன்றாக வரும்.

மிகை நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. −0.4 வினாடியை மேத்.சீல் செய்தால் ஜாவாஸ்கிரிப்ட் ‘கழித்தல் பூஜ்யம்’ என்ற மதிப்பைத் தரும். குறியை மில்லிவினாடியைப் பார்த்து முடிவு செய்தால் திரையில் ஒரு வினாடிக்கு −0:00 என்று அசிங்கமாக நிற்கும். முழுமையாக்கிய பிறகு, அந்த மதிப்பு பூஜ்யத்தைவிடச் சிறியதா என்று பார்த்தால் குறி வராது.

எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வரைவது? 1000 மில்லிவினாடி வைத்தால், அழைப்பு சற்று முன்பின் ஆகும்போது ஒரு வினாடி தாண்டிக் குதிக்கும், இன்னொன்று இரண்டு வினாடி நிற்கும். மீதியை 1000ஆல் வகுத்த மிச்சம் எவ்வளவோ அவ்வளவு நேரம் கழித்து ஒருமுறை மட்டும் அழைக்கும் செட்டைம்அவுட் வைப்பது அழகான வழி. ஆனால் மிகை நேரத்தில் மீதி எதிர்மம் ஆகும்போது ஜாவாஸ்கிரிப்டின் மிச்சமும் எதிர்மம். செட்டைம்அவுட் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு ஓயாமல் சுழலும், லேப்டாப் விசிறி சத்தம் போடும். மிச்சம் சரியாகப் பூஜ்யமாக வரும் கணத்திலும் இதே கதை. எளிய வழியே மேல்: 250 மில்லிவினாடிக்கு ஒருமுறை கணக்கிடு, காட்ட வேண்டிய எழுத்து மாறியிருந்தால் மட்டும் திரையைத் தொடு.

எண்கள் ஆடுவதற்குக் காரணம் எழுத்துரு. 1 ஒல்லி, 8 தடிமன். ஒவ்வொரு வினாடியும் வரிசை நடுங்கும். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் டேபுலர்-நம்ஸ் போட்டால் எல்லா இலக்கமும் ஒரே அகலம், அந்த எழுத்துருவில் அந்த வசதி இருந்தால். இல்லாவிட்டால் ஒவ்வொரு இலக்கத்தையும் தனிப்பெட்டியில் வைக்க வேண்டும். எழுத்தின் அளவை 59:59ஐ வைத்துத் தீர்மானித்துவிட்டு, 1:05:00 வந்ததும் திரைக்கு வெளியே போவது வழக்கமான கோளாறு. நீளமான வடிவத்துக்கே அளவெடுக்கவும்.

பிப்ரவரி 11

நிமிடம் உள்ளிடும் பெட்டி. 1:30 என்றால் ஒன்றரை நிமிடமா ஒன்றரை மணியா? எழுத்தை முழு எண்ணாக்கும் பார்ஸ்இன்ட் அதை எந்தப் புகாரும் இல்லாமல் 1 என்று எடுத்துக்கொள்ளும். நம்பர் என்ற செயற்கூறு காலிப் பெட்டியை 0 ஆக்கும். தொடங்கியதுமே மணி அடிக்கும். 1 முதல் 180 வரை முழு எண் மட்டும், வேறெதுவும் ஏற்பதில்லை.

பிப்ரவரி 13

5 நிமிட டைமரைச் சோதிக்க 5 நிமிடம் உட்கார்ந்திருந்தால் யாரும் டெஸ்ட் எழுதமாட்டார்கள். கணக்கிடும் செயற்கூறு டேட்.நவ்வைத் தானே அழைக்கக் கூடாது. ‘இப்போது’ அதற்கு வெளியிலிருந்து வர வேண்டும். அப்போது டெஸ்டில் ஒரு பொய்க் கடிகாரத்தைக் கொடுத்து ஒரு மணி நேரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓட்டலாம். கட்டாயம் இருக்க வேண்டிய சோதனைகள்: முடிவுக்கு 1 மில்லிவினாடி முன், சரியாக முடிவில், 1 மில்லிவினாடி பின், நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குதல், கடிகாரம் 10 நிமிடம் முன்னே குதித்தல், 59:59க்கும் 1:00:00க்கும் இடையிலான மாற்றம்.

வேலைப் பிரிப்பும் இதே கோட்டில்தான். கணக்கு ஒரு கோப்பு, திரை ஒன்று, ஒலி ஒன்று, சர்வர் ஒன்று. அணியின் நால்வரும் ஒரே கோப்பில் கை வைத்தால், எல்லோர் கோடையும் இணைக்கும் மெர்ஜ் நாளில் அழுகைதான்.

பிப்ரவரி 18

மணி. பயனர் பக்கத்தைத் தொடும் முன் ஒலி எழுப்ப பிரவுசர்கள் விடுவதில்லை. குரோமில் வெப் ஆடியோவுக்கும் (கோடாலேயே ஒலியை உருவாக்கும் வசதி) இந்தக் கட்டுப்பாடு 71ஆம் பதிப்பிலிருந்து (டிசம்பர் 2018) உண்டு. அதன் மையமான ஆடியோ கான்டெக்ஸ்ட் ‘சஸ்பெண்டட்’, அதாவது நிறுத்திவைத்த நிலையில் பிறக்கும். ‘தொடங்கு’ பட்டனின் கிளிக்குக்குள்ளேயே ரெஸ்யூம் அழைத்துவிட வேண்டும். ரீலோட் செய்து டைமர் தானாகத் தொடரும்போது கிளிக் நடந்திருக்காது, மணி ஊமையாகிவிடும். அதனால் அப்போது மட்டும் ‘ஒலியை இயக்கு’ என்று ஒரு பட்டை காட்டுகிறோம்.

மறைந்த டேபில் மணி ஒரு நிமிடம்வரை தாமதமாகலாம் என்பது பிப்ரவரி 5ஆம் தேதிக் குறிப்பிலிருந்தே தெரியும். முடிவு வந்ததா என்று பார்க்கும் கோடே அப்போது தூங்குகிறது. வழி: தொடங்கும்போதே ஆசிலேட்டரை (மணி ஒலியை உண்டாக்கும் பகுதி) ‘கரன்ட்டைம் + மீதி வினாடி’, அதாவது ஆடியோ கடிகாரத்தின் இப்போதைய நேரத்தோடு மீதியைக் கூட்டிய கணத்துக்கு ஸ்டார்ட் செய்து வைத்துவிடலாம். ஒலிக்குத் தனி இழை உண்டு, அது டைமர் கட்டுப்பாட்டில் சிக்காது. ‘நிறுத்து’ அழுத்தினால் அந்த ஆசிலேட்டரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியது உருவாக்க வேண்டும். ஒன்றை இருமுறை தொடங்க முடியாது. லேப்டாப் உறங்கி எழுந்தாலும் அப்படியே, மறுபடி திட்டமிட வேண்டும்.

880 ஹெர்ட்ஸ் சைன் அலை, 0.4 வினாடி. திடீரென்று வெட்டினால் ‘டக்’ என்று ஒலிக்கும், ஆகவே ஒலியளவை எக்ஸ்பொனென்ஷியல் முறையில் இறக்குகிறோம். அந்த முறை பூஜ்யத்தை இலக்காக ஏற்காது, 0.001 கொடுக்கவும்.

பிப்ரவரி 19

திரை அணையாமல் இருக்க ஸ்கிரீன் வேக் லாக். எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) அல்லது லோக்கல்ஹோஸ்டில் (நம் சொந்தக் கணினியில் ஓடும் பக்கம்) மட்டுமே கிடைக்கும். டேப் மறைந்தவுடன் லாக் தானாக விடுபடும், திரும்பி வந்ததும் மறுபடி கேட்க வேண்டும். பேட்டரி குறைவாக இருந்தால் மறுக்கப்படலாம், அந்தப் பிழையைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் மீதிக் கோடும் நின்றுபோகும்.

பிப்ரவரி 24

வெளியிலிருந்து சேர்பவர்களின் திரையிலும் அதே நேரம் தெரிய வேண்டும். சர்வர் வினாடிக்கு ஒருமுறை ‘4:32’, ‘4:31’ என்று அனுப்பினால் இணையம் திணறும்போது எண்கள் கொத்தாக வந்து விழும். சர்வர் அனுப்ப வேண்டியது முடிவுக் கணமும் நிலையும் மட்டும். அதுவும் ஏதாவது மாறும்போது மட்டும்.

ஆனால் ஒவ்வொருவர் கடிகாரமும் வேறு. கணினி அறிவியலாளர் ஃப்ளேவியு கிறிஸ்டியன் 1989இல் வெளியிட்ட முறை இங்கே போதும்: கேட்ட நேரம், பதில் வந்த நேரம் இரண்டின் சராசரியை சர்வர் சொன்ன நேரத்திலிருந்து கழித்தால் வித்தியாசம் கிடைக்கும். போய்வர 80 மில்லிவினாடி ஆனால் பிழை அதிகபட்சம் 40. ஐந்து முறை கேட்டு, போய்வர மிகக் குறைந்த நேரம் எடுத்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம்; சராசரி எடுத்தால் தாமதமான பதில்கள் கணக்கைக் கெடுக்கும்.

பிரவுசர் ‘புதிய முடிவு இது’ என்று அனுப்பக் கூடாது. ‘1,20,000 கூட்டு’ என்ற கட்டளையை அனுப்பி, கணக்கை சர்வர் செய்யட்டும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வரிசை எண் இருந்தால், பிந்தி வரும் பழைய செய்தியைத் தள்ளிவிடலாம். பட்டன்கள் நடத்துபவரின் இணைப்பில் மட்டும்.

பிப்ரவரி 27

மீதி நேரத்தைச் சொல்லப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களை மட்டும் நம்பினால் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நிறத்தோடு ‘1 நிமிடம்’, ‘நேரம் முடிந்தது’ என்ற சொல்லும் வர வேண்டும். கண்சிமிட்டல் எதையும் வைக்கவில்லை. வைப்பதானால் வினாடிக்கு 3 முறைக்கு மேல் கூடாது என்பது வலை அணுகல் விதி. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கு ஒவ்வொரு வினாடியையும் அறிவித்தால் கூட்டத்தையே கேட்க முடியாது. ஸ்கிரீன் ரீடருக்குக் குறிப்புக் கொடுக்கும் ஏரியா (ARIA) முறையில் ‘டைமர்’ என்ற ரோல் இயல்பாகவே மௌனமானது. அதை அப்படியே விட்டு, தனி அறிவிப்புப் பகுதியில் 5 நிமிடம், 1 நிமிடம், முடிவு மட்டும்.

மஞ்சள் எப்போது? ‘கடைசி 5 நிமிடம்’ என்று வைத்தால் 3 நிமிடத் தலைப்பு மஞ்சளிலேயே பிறக்கும். 5 நிமிடம் அல்லது மொத்தத்தில் கால் பங்கு, எது சிறியதோ அது.

மார்ச் 3

புரொஜெக்டரில் முழு ஓட்டம். 12 நிமிடத் தலைப்பைத் தொடங்கி, வேறு டேபுக்குப் போய், மணி வரும்வரை திரும்பாமல் இருப்பதுதான் உண்மையான பரீட்சை. பிறகு ஓட்டத்தில் மூடியை மூடித் திறப்பது, இணையத்தைத் துண்டித்து இணைப்பது, ரீலோட். கடைசி இருக்கையிலிருந்து எண் படிக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

தீராமல் நிற்பது ஒன்று: ஒரு தலைப்பு 4 நிமிடம் முன்னதாக முடிந்தால் அந்த மிச்சம் எங்கே போகும்? அடுத்த தலைப்புக்குத் தானாகச் சேர்த்தால் அடுத்தவர் அதையும் பேசித் தீர்ப்பார். இப்போதைக்கு மிச்சத்தைத் திரையின் ஓரத்தில் தனி எண்ணாகக் காட்டுகிறோம். யாருக்குக் கொடுப்பது என்பதை நடத்துபவர் ‘2 நிமிடம் கூட்டு’ பட்டனில் தீர்த்துக்கொள்ளலாம்.