கல்லடியில் நாடகம் படிக்கப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்க இரண்டு வாசல் உண்டு. வந்தாறுமூலையில் கலை கலாசார பீடம். அங்கே நுண்கலைத்துறையில் நாடகத்தை எடுக்கலாம். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். அங்கே நாடகமே பட்டம். கல்லடிக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். செய்து காட்டும் செயன்முறையும் நேர்முகமும் சேர்ந்த தகுதிப் பரீட்சை அது.

அந்தப் பரீட்சைக்கான விண்ணப்பமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கான விண்ணப்பமும் வேறுவேறு. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றது தன்பாட்டில் நடக்கும் என்று இருந்துவிடுகிறார்கள். பரீட்சையில் சித்தியடைந்தும் ஆணைக்குழு விண்ணப்பத்தில் அந்தப் பாடநெறிக் குறியீட்டை எழுதாவிட்டால் ஆடியதும் பாடியதும் வீண்.

அதைவிட நுணுக்கமானது தெரிவு ஒழுங்கு. ஆணைக்குழு விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய பாடநெறிகளை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்து, உங்கள் இசட் புள்ளிக்கு, அதாவது உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கிற புள்ளிக்கு, கிடைக்கிற முதலாவது இடத்தில் நிறுத்திவிடுவார்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று பொதுக் கலைப் பாடநெறியை மேலே எழுதி நாடகத்தைக் கீழே தள்ளினால், மேலே உள்ளது கிடைத்தபின் நாடகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. நாடகம்தான் வேண்டுமென்றால் அதை முதலாவதாக எழுதுங்கள். வீட்டில் சண்டை வரும், அது வேறு.

இனிச் செயன்முறை. இரண்டு நிமிடத் தனிநடிப்புக்கு நிறுத்தங்களோடு 150 சொல் அளவு தாராளம். 300 சொல்லை மனனம் செய்து போனால் ஓட்டமாக ஒப்புவிக்கத்தான் நேரம் இருக்கும். சினிமா வசனத்தை, நடிகரின் குரலிலேயே செய்து காட்டுவது பெரிய பிழை. பார்ப்பவருக்கு அந்த நடிகர்தான் தெரிவார், நீங்கள் தெரியமாட்டீர்கள். தொடங்க முன் ஒரு மூச்சு அசையாமல் நில்லுங்கள். கண்ணைப் பரீட்சகரின் முகத்தில் குத்தாமல், அவர் தலைக்குச் சற்று மேலே ஒரு புள்ளியில் வையுங்கள்.

கூத்துத் தெரிந்த பிள்ளைக்கு அதைவிட நல்ல கைமுதல் இல்லை. மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. ஆனால் வடமோடியில் பாத்திரம் களரிக்கு வரும்போது ஆடுகிற வரவு ஆட்டத்தை ஆடி முடித்து உடனே பாட்டை எடுக்கிற இடத்தில் மூச்சு வாங்கி, முதலடியே உடைந்துபோகும். ஆட்டத்தைத் தனியாகவும் பாட்டைத் தனியாகவும் பழகுவதால் வருகிற வினை இது. அரை நிமிடம் ஆடி, நிறுத்தாமல் பாடிப் பழகுங்கள். மத்தளம் இருக்காது என்று வைத்துக்கொண்டு தாளக்கட்டை, அதாவது ஆட்டத்துக்கான தாளச் சொற்களை, வாயாலேயே சொல்லி ஆடிப்பாருங்கள். களைத்ததும் மடித்த முழங்கால் தானாக நிமிர்ந்துவிடும். அதை ஒரு ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேர்முகத்தில் 'கூத்துப் பார்த்திருக்கிறீரா' என்று கேட்டால் 'ஓம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த ஊரில், எந்தக் கூத்து, கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் யார், வட்டக்களரி என்கிற வட்ட ஆடுகளத்தில் சபையோர் எங்கே நின்றார்கள் என்று சொல்ல வேண்டும். வடமோடியில் போர்க்கதை மிகுதி, அரசனுக்குக் கூடைபோல் விரிந்த கரப்புடுப்பு. தென்மோடியில் காதல்கதை மிகுதி, உடுப்பு இலேசு. அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள், காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் எழுதிய 'மதங்க சூளாமணி' என்ற நாடக ஆய்வு நூல் 1926இல் வெளிவந்ததையாவது தெரிந்துகொண்டு போங்கள்.

அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயரெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு மாதம் முன்னரே பாருங்கள். அக்கரைப்பற்றிலிருந்து வருபவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். சதங்கை கொண்டுபோனால் துணியில் இறுக்கிச் சுற்றுங்கள். உள்ளே இன்னொரு பிள்ளை நடித்துக்கொண்டிருக்கும்போது வெளியே அது கிலுங்கக் கூடாது.