அம்மாவின் மரமும் என் பதினான்கு பலூன்களும்

நேற்று அக்கா மகனின் பிறந்தநாளுக்காக நான் மூச்சைப் பிடித்து ஊதிக் கட்டிய பதினான்கு பலூன்களில் ஆறு, கேக் வெட்டுவதற்கு முன்பே வெடித்துப் போயின. ஆணி படவில்லை, வழக்கமாகச் சந்தேகப்படக்கூடிய குழந்தைகளும் அப்போது வாசலில் இருந்தார்கள். பலூன்களுக்கு அடியிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அம்மா நம் மரத்துச் சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தார் என்பதைத் தவிர அந்த அறையில் சொல்லும்படியாக வேறு எதுவும் நடக்கவில்லை. "ஊதிய லட்சணம் அப்படி" என்று அப்பா ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுச் செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார்.

ஏழாவது பலூனின் மரணத்தை நான் நேரில் பார்த்தேன். சாத்துக்குடியின் தோல் கமலா ஆரஞ்சைப் போலக் கழன்று வராது, சுளையோடு ஒட்டிக்கொண்டு வம்பு செய்யும் என்பதால், அம்மா அதை நகத்தால் கிள்ளி, வளைத்து, மடக்கித்தான் பிய்ப்பார். அப்படி மடக்கும்போது தோலில் புள்ளி புள்ளியாகத் தெரியும் எண்ணெய்ப் பைகள் உடைந்து, வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் மட்டும் தெரிகிற மெல்லிய சாரல் ஒன்று மேலே பீய்ச்சியடிக்கிறது. அந்தச் சாரல் பட்ட மறுநொடி பலூன் இல்லை. அந்த எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற பொருள்தான் இருக்கிறது. அது ரப்பரை இளக்கிவிடும். ஏற்கெனவே இழுபட்டு விறைத்து நிற்கும் பலூனுக்கு ஒரு துளியே போதும். இதை நான் விளக்கியபோது அம்மா வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்தது என் தவறு. "பார்த்தாயா, வெறும் தோலுக்கே எவ்வளவு சக்தி!" என்று அவர் அடுத்த பழத்தை எடுத்தார்.

அம்மாவின் கணக்கில் இந்த மரத்தில் வீண் என்று எதுவும் கிடையாது. புட்டிகளில் ஒட்டிய விலைச்சீட்டின் பசையைத் தோலால் தேய்த்து எடுப்பார்; அது உண்மையாகவே போய்விடுகிறது, காரணம் அதே லிமோனீன்தான். தோலுக்கு உட்புறமுள்ள வெள்ளைப் பஞ்சில் ஜாமை இறுகவைக்கும் பெக்டின் இருப்பதால் அதையும் தூக்கிப்போட விடமாட்டார். மின்சாரம் போனால் மெழுகுவர்த்திச் சுடரில் தோலைப் பிழிந்து பேரனுக்குப் பொறி பறக்கக் காட்டுவார். அவன் கைதட்டுவான், நான் திரைச்சீலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இந்த மரம் நட்டு வந்ததன்று, துப்பி வந்தது. அம்மா துப்பிய விதை தானாக முளைத்தபோது, விதையில் வந்தது காய்க்கவே காய்க்காது, காய்த்தாலும் புளிக்கும் என்று அப்பா அடித்துச் சொன்னார். ஆண்டுக்கணக்கில் அவர் சொன்னதே பலித்தது. மரம் முள்ளை மட்டும்தான் விளைவித்தது, அதில் கிழிந்த சட்டைகளெல்லாம் அப்பாவுடையவை. பிறகு காய்த்து, ஒருவழியாகத் தின்னக் கிடைத்தபோது பழம் அச்சு அசலாகத் தாய்ப்பழத்தின் இனிப்போடு இருந்தது. சாத்துக்குடி விதைகளில் பெரும்பாலும் மகரந்தத்தின் பங்கே இல்லாத, தாய்மரத்தின் திசுவிலிருந்து மட்டும் உருவாகும் கருக்கள்தாம் முளைக்கின்றன என்று நான் எங்கோ படித்ததைச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து 'தாயைப் போல பிள்ளை' என்பதற்குத் தாவரவியல் ஆதாரம் இருப்பதாகவும், தந்தை என்பவர் தேவையே இல்லை என்றும் அம்மா வாரம் ஒருமுறையாவது அப்பாவுக்கு நினைவூட்டுகிறார்.

முதல் காய்ப்பை நாங்கள் தின்றோமா என்றால், இல்லை. சாத்துக்குடியும் ஆரஞ்சு வகைதான், ஆரஞ்சு என்றால் ஆரஞ்சு நிறத்தில்தானே இருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இரவில் போதிய குளிர் இல்லாத இடத்தில் பழம் உள்ளே பழுத்தாலும் தோலின் பச்சை முழுதாக மாறாது என்பது எங்களைத் தவிர அணில்கள் அனைத்துக்கும் தெரிந்திருந்தது. அதற்கு மாறாக அடுத்த ஆண்டு அப்பா அவசரப்பட்டுப் பிஞ்சாகப் பறித்து அலமாரியில் பழுக்கவைத்தார். பறித்த பின் இனிப்பேறும் சாதி இதுவல்ல என்பதால் அவை சுருங்கியதுதான் மிச்சம். இலைகளோ பறவையின் எச்சம் போலவே வேடமிட்ட புழுக்களுக்குப் போய்விடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்புகளை நீட்டி நாற்றமடிக்கும் அவற்றையும், பட்டாம்பூச்சியாகும் பிள்ளைகள் என்று அம்மா விரட்ட விடுவதில்லை.

பலூன் விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சியிருந்த ஏழையும் பிறந்தநாள்காரனே, பாட்டியிடம் தொழில் கற்றுக்கொண்டு, தோலும் கையுமாகக் கேக்குக்கு முன்பே தீர்த்துவிட்டான். இரவு எல்லோரும் புறப்பட்ட பிறகு, அவன் அழுதால் கொடுக்கலாம் என்று நான் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த பதினைந்தாவது பலூனைத் தேடிப் போனேன். அப்பா அதைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறு கையில் ஒரு தோலை மிகுந்த கவனத்தோடு மடக்கிக்கொண்டிருந்தார். வெடித்த சத்தத்தில் அவர் முகம் பேரன் முகம் போலவே ஆனது. என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஊதிய லட்சணம்" என்றார்.